எனக்கு வந்திருக்க வேண்டிய சீக்கு

நோயாளி நானில்லீங்க. மூஞ்சியப் பாத்தா அப்படித்தான் தெரியும். அந்த நர்சம்மாகூட நான் உள்ள நொழஞ்சதும் எங்கிட்டத்தான் சீட்டு கேட்டுச்சு. சீட்டு என்ற ஊட்டுக்காரி பேருல இருக்குது. துளசிமணின்னு பேரு. டாக்டர் ரூமுக்குள்ள போயிருக்கறா. இன்னைக்குக் கடைசி டெஸ்ட்டோட முடிவு சொல்றாங்க. ஆனா நியாயமாப் பாத்தா இந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளியா வந்திருக்க வேண்டியவன் நாந்தான். இதைச் சொன்னா அத்தன பேரும் சிரிக்கறாங்க. நீங்க சிரிக்க மாட்டீங்க. உங்க ஊட்டுக்காரம்மாவ டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கக் கூப்பிட்டப்ப அந்த நர்சுப் புள்ள சொன்னது எனக்கும் காதுல உளுந்துச்சு. அவங்களுக்கும் அதேதானுங்களா, ஹெபடைட்டிஸ் சி? வாயால சொல்ல வேண்டாமுங்க, தலைய ஆட்டுனாப் போதும்.

சரீங்க. அப்ப உங்ககிட்டச் சொல்லலாம்.

என்ற பேரு சென்னியப்பன். தாராபுரத்துல மோட்டார் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கறேன். கெணத்து மோட்டார் எரிஞ்சு போனா எங்கிட்டத்தான் தூக்கிட்டு வருவாங்க. நல்லா இருந்த மனுசன். போன வருசம் என்ற தங்கச்சி பேரனுக்குக் காதுகுத்து வந்துச்சு பாருங்க, அங்க புடிச்சுது கெரகம்.

கொலதெய்வம் கோயில்ல காதுகுத்து. எனக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி கெடந்துச்சு. என்ற பொண்ணு சௌமியாவுக்கு பெங்களூர்ல வேல கெடச்சா முடி எடுக்கறேன்னு வேண்டியிருந்தேன். சாமிக்கு நம்ம மயிரு மேல என்ன அப்படி ஒரு ஆசைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலீங்க. இருக்கறதே காதுக்கு மேல ஒரு வட்டம். அதையும் கேக்குது. சரி, போகட்டும்னு உக்காந்தேன்.

எனக்கு முன்னால உக்காந்து எந்திரிச்சவரு என்ற மச்சான் தங்கமுத்து. துளசியோட கூடப்பொறந்த அண்ணன். லாரி ஓட்டிட்டு இந்தியா பூரா சுத்துனவரு. சாயந்தரமானா தண்ணி போடுவாரு. மத்தபடி நல்ல மனுசன். அவரு எந்திரிச்சாரு, நான் உக்காந்தேன். முடி எடுக்கறவரு கத்தியப் புடிச்சாரு, காதுக்கு மேல சுருக்குனு ஒரு வெட்டு. ஒரு பொட்டு ரத்தம். சந்தனத்தை அப்பி விட்டுட்டாரு.

எனக்கு முன்னால பிளேடு மாத்துனாரா மாத்தலியான்னு நான் பாக்கலீங்க. கண்ண மூடிச் சாமி கும்பிட்டுட்டு இருந்தேன். என்ற வாழ்நாள்ல மனசாரக் கும்பிட்டது அன்னிக்கு ஒரு நாளுதான். அதுக்கு அது குடுத்த வரத்தப் பாருங்க.

ஊட்டுக்கு வந்து மொட்டைத் தலைய ஃபேனுக்குக் காட்டிட்டு செல்போன நோண்டிட்டு இருந்தேன். வீடியோவுல ஒருத்தன் டை கட்டிக்கிட்டு வந்தான். "சொந்தங்களே, நீங்க முடி வெட்டிக்கற எடத்துல புது பிளேடு போடறாங்களா?" அப்படின்னான். எனக்குன்னே கேட்ட மாதிரி இருந்துச்சு. ஹெபடைட்டிஸ் சின்னு ஒண்ணு இருக்குதாம். ரத்தத்துல இருந்து ரத்தத்துக்குப் போகுமாம். போயி ஈரல்ல உக்காந்துக்குமாம். வருசக்கணக்கா சத்தமே போடாதாம். "பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது சொந்தங்களே"ன்னான்.

நான் ஒடம்பத் தொட்டுத் தடவி எல்லாம் பாத்தேன். ஒரு அறிகுறியும் இல்லீங்க. அப்பறம் என்னங்க சந்தேகம்?

துளசிகிட்டச் சொன்னேன். அவ கடலைக்காய் உரிச்சுட்டு இருந்தா. "மாமா, அந்தப் போன மொதல்ல கீழ வையுங்க"ன்னா. அவ்வளவுதான். ஒரு பொம்பள புருசனுக்கு இப்படி ஒரு சீக்கு வந்திருக்குதுன்னு சொன்னா பதறுவாளா, கடலைக்காய் உரிப்பாளா? நீங்களே சொல்லுங்க.

அன்னிலருந்து எனக்கு எடது பக்கம் வலி. விலாவுக்குக் கீழ அமுக்குனா வலிக்கும். அமுக்கி அமுக்கிப் பாப்பேன். காயில் சுத்திட்டு இருக்கறப்பவே ஒரு கை அங்கதான் இருக்கும். மருந்துக்கடைக்காரர்கிட்டப் போயி, ஈரல் வலிக்கு ஒரு மாத்திர குடுங்கன்னு எடத்தத் தொட்டுக் காட்டுனேன். "ஈரல் வலது பக்கமுங்க"ன்னாரு. ஊடு வந்து சேர்றதுக்குள்ள வலது பக்கம் வலிக்க ஆரம்பிச்சுருச்சு. எடது பக்கம் பட்டுனு நின்னு போச்சு. ஒடம்புக்கே தெரியுது பாருங்க. ஒரு மனுசன் சொன்னாத்தான் ஊட்டுல நம்ப மாட்டேங்கறாங்க.

எங்கூரு டாக்டரம்மாகிட்டப் போனேன். ரத்தம் எடுத்தாங்க. இல்லைன்னு வந்துச்சு. "ஆனா வெட்டுப்பட்டுக் கொஞ்ச நாளுதானே ஆச்சு, இப்ப பாத்தா சில சமயம் தெரியாது. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல, வேணும்னா ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒருக்கா பாத்துக்கலாம்"னாங்க. துளசியும் பக்கத்துலதான் இருந்தா. அவளுக்கு "பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல"ங்கறது கேட்டுருக்குது. எனக்கு "இப்ப பாத்தா தெரியாது"ங்கறது கேட்டுச்சு. ரெண்டு பேரும் ஒரே பஸ்சுலதான் திரும்பி வந்தோம். அவ நல்லாத் தூங்கிட்டு வந்தா.

அந்த ரெண்டு மூணு மாசம் நான் பட்ட பாடு இருக்குதே. காலையில எந்திரிச்சதும் கண்ணாடி முன்னால நின்னு கண்ணுக்குக் கீழ இழுத்துப் பாப்பேன், மஞ்சளா இருக்குதான்னு. நாக்க நீட்டிப் பாப்பேன். ஒண்ணுக்குப் போறதக் கண்ணாடி பாட்டில்ல புடிச்சு வெயில்ல வெச்சுப் பாப்பேன். ஒரு தடவ பக்கத்து ஊட்டுக்காரரு செவுத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து, "என்னங்க, தேனுங்களா?"ன்னு கேட்டாரு. அந்த ஆளுகூட நான் இப்பப் பேசறதில்ல.

சோப்புத் தனி, சீப்புத் தனி, நகவெட்டி தனி. எண்ணெய் ஆகாது, கறி ஆகாது. கீழாநெல்லி ஈரலுக்கு நல்லதுன்னு அந்த டை கட்டுனவன் சொன்னான். அதையும் அம்மியிலதான் அரைக்கோணும், மிக்சில போட்டா சத்துப் போயிருமுன்னான். வெடியால வெறும் வயித்துல குடிக்கோணும். துளசிதான் அரைக்கறது. அதுல பாருங்க, எனக்கு அவ மேல பெரிய வருத்தம். பாதி அரைச்சுட்டு அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்துக்குவா. "மாமா, எனக்கு ஒடம்பு அசத்தலா இருக்குது, ஓஞ்சு ஓஞ்சு வருது. மிக்சில போட்டுக்கறனே"ம்பா. அந்த அசத்தல் அவளுக்கு ரெண்டு மூணு வருசமாவே இருந்துச்சுங்க. துணி தொவைச்சா உக்காந்துக்குவா, மாடிப்படி ஏறுனா உக்காந்துக்குவா. சாப்பாடும் பாதியில வேண்டாம்பா. வயசாகுது, ஒடம்பு சொகுசு கண்டுருச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். "சாகக் கெடக்கறவன் நானு, அசத்தல் உனக்கா?"ன்னு கேட்டேன். அவ மறுபடியும் கொழவியப் புடிச்சுக்கிட்டா.

மச்சான் சமாச்சாரத்துக்கு வரேன். அதுல எம்மேல ஒரு தப்பும் கெடயாது. காங்கயத்துல சொந்தத்துல ஒரு ஒறம்பரை ஊட்டுக் கல்யாணம். பந்தியில எனக்குப் பக்கத்துல அவருதான் உக்காந்தாரு. நான் மெதுவாத்தான் ஆரம்பிச்சேன்.

"மச்சான், நீங்க ஒருக்கா ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கிட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்."

"எனக்கு எதுக்கு மாப்ள? நல்லாத்தானே இருக்கறேன்."

"உங்களுக்காகச் சொல்லலீங்க மச்சான். உங்க சீக்கு எனக்கு வந்திருக்குமோன்னு ஒரு இது."

"எனக்கு என்ன சீக்கு?"

"அதத்தான் பாக்கச் சொல்றேன். லாரியில போன காலத்துல எங்கெங்க போனீங்களோ, என்னென்ன பண்ணுனீங்களோ."

காது கொஞ்சம் மந்தம் அவருக்கு. அதனால நான் சித்தே சத்தமாச் சொல்ல வேண்டியதாப் போச்சு. பாயசம் ஊத்திட்டு வந்த பையன் வாளியோட அப்படியே நின்னுட்டான். எதிர் வரிசையில மச்சானோட சம்பந்தி உக்காந்திருந்தாரு, எனக்கு அது தெரியாது. மச்சான் எலைய மடிக்காமயே எந்திரிச்சுப் போயிட்டாரு. பொம்பளைங்க பந்தியில இருந்து துளசி இத்தனையும் பாத்துட்டு இருந்தா.

அவரு கோவத்துல அடுத்த நாளே போயி டெஸ்ட் பண்ணிட்டு முடிவப் போட்டோ புடிச்சு எனக்கு அனுப்புனாரு. ஒரு வார்த்த எழுதல. வெறும் போட்டோ. சீக்கு இல்லைன்னு போட்டிருந்துச்சு. நான் துளசிகிட்ட, "இதெல்லாம் சின்ன லேபு, என்னத்தக் கண்டுபுடிச்சிருப்பானுங்க"ன்னேன். அவ அன்னிக்கு எனக்குக் கீழாநெல்லி அரைக்கல. கேட்டதுக்கு, "அம்மி அங்கதான் இருக்குது"ன்னா.

அப்பறம் என்ற ரெண்டாவது டெஸ்ட்டுக்கு நாள் வந்துச்சு. நான் துளசியையும் வரச் சொன்னேன். எனக்கு இருந்தா அவளுக்கும் ஒட்டியிருக்கும், பொண்டாட்டியக் காப்பாத்த வேண்டியது என்ற பொறுப்பில்லீங்களா. அவ, "எனக்கு எதுக்குங்க, வேல கெடக்குது"ன்னு எவ்வளவோ சொன்னா. விடல நான். இந்த ஒண்ணைய மட்டும் எல்லாரும் மறந்துட்டாங்க பாருங்க. டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனது நானு. நான் இல்லீன்னா இன்னைக்கும் அவ செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டுத்தான் இருந்திருப்பா.

டாக்டரம்மா கூப்பிட்டாங்க. போயி உக்காந்தோம். "சென்னியப்பன், உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. இனி நீங்க இதப்பத்தி நெனைக்கவே வேண்டாம்"னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ எறங்குன மாதிரி இருந்துச்சு. சந்தோசந்தான். ஆனா இத்தன நாள் பட்டதுக்கெல்லாம் ஒரு அர்த்தமே இல்லாமப் போச்சேன்னும் இருந்துச்சு. அத நான் யோசிச்சுட்டு இருக்கறப்பவே டாக்டரம்மா என்ற பக்கமிருந்து நாற்காலியத் திருப்பிட்டாங்க. அவ கையப் புடிச்சாங்க.

"துளசிமணி, உங்களுக்குத்தான் இன்னும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கோணும்."

நான் சொன்னேன், "பேரு மாறிப்போச்சுங்க டாக்டர், நல்லாப் பாருங்க."

"சென்னியப்பனும் துளசிமணியும் எப்படிங்க மாறும்?"

"இல்லீங்க, சந்தேகம் எனக்குத்தானே இருந்துச்சு."

துளசி என்னையத் திரும்பிப் பாத்தா. கல்யாணமாயி இத்தன வருசத்துல அவ அப்படிப் பாத்து நான் பாத்ததில்ல. கோவமுன்னு சொல்ல முடியாது. நம்ம பட்டறையில எரிஞ்ச மோட்டாரக் கழட்டிப் பாத்துட்டு, இத இனி கட்டி என்ன பிரயோசனம்னு பாப்பேனே, அப்படி.

மறுபடி எடுத்தாங்க. வைரஸ் எவ்வளவு இருக்குதுன்னு எண்ணிப் பாக்கற டெஸ்ட்டு. இருக்குதுன்னு வந்துருச்சு. அப்பத்தான் இங்க கோயமுத்தூருக்கு அனுப்பி வெச்சாங்க. இந்தப் பெரிய டாக்டர் எல்லாம் கேட்டாரு. ஆப்பரேசன் ஏதாச்சும் பண்ணியிருக்கறீங்களா, ரத்தம் ஏத்தியிருக்கறீங்களான்னு. சௌமியா பொறந்தப்பத்தானுங்க ஏத்துனது. வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க, ரத்தம் நிக்கவே இல்ல. "அந்தக் காலத்துல குடுக்கற ரத்தத்துக்கெல்லாம் இந்த டெஸ்ட் எல்லா எடத்துலயும் கெடயாதுங்க. அதுல வந்திருக்கலாம்"னாரு. பாத்துக்குங்க, புள்ளைக்குக் கண்ணாலம் பேசற வயசாயிருச்சு. அத்தன வருசமா அது உள்ள உக்காந்திருக்குது, அத வெச்சுக்கிட்டே அவ அரைச்சு, தொவைச்சு, எனக்குச் சோறு போட்டுட்டு இருந்திருக்கறா. நான் பக்கத்துல படுத்துக்கிட்டு என்ற ஈரல அமுக்கிப் பாத்துட்டு இருந்திருக்கறேன்.

அவ டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "என்ற பொண்ணுக்கு இருக்குமுங்களா?"ன்னு. புருசனுக்கு இனி வருமான்னு கேக்கல. அது நாந்தான் கேட்டேன். பொண்ணுக்குப் பாத்தாங்க, இல்ல. எனக்கும் டாக்டர் பொறுமையாச் சொன்னாரு. சேந்து சாப்பிட்டா வராது, தொட்டா வராது, ஒரே டம்ளர்ல குடிச்சாலும் வராது. பிளேடு, நகவெட்டி, பல்லு வெளக்கற பிரஸ், இதுகள மட்டும் மாத்திப் பொழங்க வேண்டாம். மூணு மாசம் தெனம் மாத்திர சாப்பிட்டா அனேகமா எல்லாருக்கும் சுத்தமாப் போயிருது. அப்படின்னாரு. அவரு சொல்லச் சொல்ல நான் தலைய ஆட்டிட்டுத்தான் இருந்தேன்.

ஊட்டுக்கு வந்தேன். அவ டம்ளர எடுத்து அடியில சிவப்பு வார்னிஷ்ல ஒரு பொட்டு வெச்சேன். காயிலுக்கு அடிக்கற வார்னிஷ், எத்தன தேச்சாலும் போகாது. சும்மா ஒரு அடையாளத்துக்கு.

அவ காப்பி குடிக்கறப்பப் பாத்துட்டா. "இது எதுக்குங்க?"

"அடையாளத்துக்கு."

"ஓ"ன்னா. காப்பியக் குடிச்சா, கழுவிக் கவுத்து வெச்சா. அவ்வளவுதான். அடுத்த நாள் நான் தண்ணி குடிக்கலாமுன்னு டம்ளர எடுத்தா அடியில சிவப்புப் பொட்டு. இன்னொண்ண எடுத்தா அதுலயும் பொட்டு. ஊட்டுல இருக்கற அத்தன டம்ளர்லயும், தட்டுலயும், கரண்டியிலயும், சௌமியாவோட நகப்பாலீஷ எடுத்துப் பொட்டு வெச்சுட்டா. ஒறம்பரைக்குன்னு பரண்ல கெடக்கற வெங்கலச் சொம்பக் கூட விடல. நான் நடு ஊட்டுல கையில சொம்ப வெச்சுக்கிட்டு நிக்கறேன். அவ டீவி பாத்துட்டு இருக்கறா.

நீங்களே சொல்லுங்க, அந்த ஊட்டுல ஒரு மனுசன் எப்படித் தண்ணி குடிக்கறது?

அதனாலதான் பட்டறைக்குப் போனேன். பொண்டாட்டிய உட்டுட்டு ஓடிப் போயிட்டேன்னு ஊருல பேசறாங்க. ஓடிப் போறவன் மெயின் ரோட்டுல, போர்டு வெச்ச எடத்துலயா போயிப் படுப்பான்? கொஞ்ச நாளைக்கு எடம் மாத்திப் படுத்தேன். எரிஞ்ச மோட்டாருக்கு நடுவுல ஒரு கட்டிலு. மெஸ்ஸுல சாப்பாடு. அந்த மெஸ்ஸுக்காரன் தட்டக் கழுவற லட்சணம் எனக்குத் தெரியும், இருந்தாலும் சாப்பிட்டேன். அங்க எனக்குப் பயம் வரல. அது ஏன்னு கேக்காதீங்க.

சௌமியா பெங்களூர்ல இருந்து வந்துச்சு. நேரா பட்டறைக்கே வந்துருச்சு. "அப்பா, உங்களுக்கு இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தப்ப அம்மா தனித் தட்டு வெச்சாங்களா?"ன்னு கேட்டுச்சு.

"அப்ப எனக்குத்தான் இல்லியே கண்ணு"ன்னேன்.

"அது அப்ப அம்மாவுக்குத் தெரியுமா?"ன்னுச்சு.

படிக்க வெச்சது தப்புங்க. அதோட அது எங்கிட்டப் பேசறத நிறுத்திருச்சு. ஆனா அவங்கம்மாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருச்சு. அது போனதுக்கு அப்பறம் துளசி தெனமும் பட்டறை வழியாத்தான் போவா. மாத்திர சாப்பிட்டு ரெண்டாம் மாசத்துலயே மூஞ்சியில ஒரு தெளிச்சி வந்துருச்சு. அந்த அசத்தல் எங்க போச்சுன்னே தெரியல. நேரா உக்காந்து வண்டிய ஓட்டிட்டு வருவா. பட்டறை வந்ததும் ஆரன் அடிப்பா. நான் வெளிய வந்து பாக்கறதுக்குள்ள போயிருவா. நிக்க மாட்டா. நான் என்ன வேலையா இருந்தாலும் அந்த ஆரனுக்கு ஒரு காது வெச்சிருப்பேன். ஒரு நாள் ஆரன் சத்தம் வரல. எனக்கு அன்னிக்குக் காயிலே கட்ட ஓடல. அப்பறம் விசாரிச்சா, வண்டி பஞ்சராம்.

நடுவுல ஒரு தடவ சட்டை எடுக்கலாமுன்னு மத்தியான நேரத்துல ஊட்டுக்குப் போனேன். வாசல்ல செருப்பு கெடந்துச்சு. உள்ள போனா மச்சான் தங்கமுத்து உக்காந்திருக்கறாரு. கல்யாணத்துல எந்திரிச்சுப் போனதுக்கு அப்பறம் அன்னிக்குத்தான் அவரை நான் பாக்கறேன். துளசி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தா. நெய் வாசம் வாசல் வரைக்கும் வந்துச்சு. அவ பாதி சாப்பிட்டுட்டு, போதும்னு தட்ட நகத்துனா. மச்சான் அந்தத் தட்டத் தன் பக்கம் இழுத்தாரு. அவ வெச்ச மிச்சத்தைப் பெசஞ்சு சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு. என்னையப் பாத்து, "வாங்க மாப்ள, உக்காருங்க, சாப்பிடலாம்"னாரு.

எனக்குத் தெரியாதுங்களா, அதெல்லாம் எனக்குக் காட்டறதுக்குப் பண்றது. வேணும்னே பண்றது.

"வயிறு சரியில்லீங்க மச்சான்"னேன்.

துளசி சொன்னா, "அவருக்கு எப்பவும் ஏதாச்சும் ஒண்ணு சரியில்லாமத்தானே இருக்கும், நீ சாப்பிடுண்ணா." அண்ணனும் தங்கச்சியும் சிரிச்சாங்க. நான் சட்டைய எடுக்காமயே வந்துட்டேன். எனக்குன்னா ஒரு மனுசன் அப்படி வந்து உக்காந்து சாப்பிடுவானான்னு பட்டறையில உக்காந்து ஒரு ஒருத்தரா நெனச்சுப் பாத்தேன். ஆளே தட்டுப்படல. துளசி பேரு மட்டும் வந்துச்சு. அத நான் உட்டுட்டேன்.

மாத்திர முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு மறுபடி பாத்து, அப்பவும் இல்லீன்னாத்தான் சுத்தமாப் போச்சுன்னு அர்த்தமாம். அதுக்கு முன்னாலயே ரத்தம் எடுத்துட்டாங்க, இன்னைக்கு முடிவு. அவ என்னைய வரச் சொல்லலீங்க. இன்னைக்குத்தான்னு மச்சான் பொண்ணு போன்ல சொல்லுச்சு. அவ முன்னால போன பஸ்சுல வந்தா, நான் அடுத்த பஸ்சப் புடிச்சு வந்தேன். இங்க என்னையப் பாத்ததும், "நீங்க எதுக்கு வந்தீங்க?"ன்னா.

"சும்மாதான்."

"உங்களுக்கு எங்கயாச்சும் வலிக்குதா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு?"

அதுக்குள்ள உள்ள கூப்பிட்டாங்க, அவ போயிட்டா.

என்னங்க கேட்டீங்க? சேந்து சாப்பிட்டா ஒட்டுமான்னா? ஒட்டாதுங்க. டாக்டர் சொன்னாரே. கட்டிப் புடிச்சாலும் ஒட்டாது. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாமத்தான் வார்னிஷ் வெச்சேன்னு நெனச்சீங்களா? தெரிஞ்சுதான் வெச்சேன். புத்திக்குத் தெரியுது, கை கேக்க மாட்டேங்குது. உங்களுக்கும் அப்படித்தானே இருக்குது? கோவிச்சுக்காதீங்க. அந்தம்மா எந்திரிச்சுப் போனப்பப் பாத்தேன், நடுவுல ஒரு சேர் உட்டுத்தான் உக்காந்திருந்தீங்க. அந்த நடுச் சேர்லதான் நான் வந்து உக்காந்தேன்.

இதா, கதவு தொறக்குது. துளசிதான். அந்தப் பச்சைச் சேல. பக்கத்துல அது உங்க ஊட்டுக்காரம்மாதானே, ரத்தம் குடுத்துட்டு வர்றாங்க. பஞ்ச அமுக்கிப் புடிச்சிருக்கறாங்க பாருங்க, பாவம், மூஞ்சியே செத்துப் போச்சு. துளசி எதுக்கு அவங்ககிட்டப் போறா? ரெண்டு பேருக்கும் முன்னப் பின்னத் தெரியுமுங்களா? கையப் புடிச்சுக்கிட்டா. என்னமோ சொல்றா. துளசி, என்னாச்சு, டாக்டர் என்ன சொன்னாரு?

கேட்டீங்களா. "நாங்க கீழ போயி டீ குடிச்சுட்டு வாரோம்"ங்கறா. கேட்டதுக்குப் பதில் சொல்லாமப் போறா. உங்க சம்சாரத்துக்கிட்டச் சொல்லியிருக்கறா பாருங்க, எங்கிட்டச் சொல்லல. சிரிச்சாளா? நீங்க நல்லாப் பாத்தீங்களா? எனக்கு அவ முதுகுதான் தெரிஞ்சுது. முடிவு மோசமா இருந்தாலும் அவ வேற ஆளுக முன்னால சிரிக்கத்தான் செய்வா. அவ அப்படித்தான். நெஞ்சு படபடங்குது. என்ற சீக்குக்குக் கூட இப்படி அடிக்கலீங்க.

சித்தே இருங்க. துளசிமணி பேரச் சொல்லி நர்சு கூப்பிடுது.

வந்துட்டனுங்க. ஃபைல மேசை மேலயே உட்டுட்டுப் போயிட்டாளாம். "வைரஸ் சுத்தமா இல்லீங்க, ஈரல்ல கொஞ்சம் தழும்பு இருக்குது, அதுக்கு ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் பாத்துக்கலாம்"னுச்சு அந்தப் புள்ள. சுத்தமா இல்லையாம். நான் ரெண்டு தடவ கேட்டேன். மூணாவது தடவ கேட்டதுக்கு, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"னுச்சு. புருசன்னேன். "அவங்க தனியாத்தான் வந்திருக்கறேன்னு சொன்னாங்களே"ன்னுச்சு. அதுவும் சரிதானுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எந்திரிங்க, போலாம். அந்தம்மா பயந்து போயிருக்குது, நீங்க போயிப் பக்கத்துல உக்காருங்க. என்ன பேசறதுன்னெல்லாம் யோசிக்காதீங்க, உக்காந்தாப் போதும். எனக்கு அங்க எடம் இருக்குமோ என்னமோ. உக்காரச் சொல்லலீன்னா நின்னுட்டே குடிக்கறேன்.

அந்தப் பக்கம் வேண்டாமுங்க, லிப்ட்டுல எத்தன சீக்காளி மூச்சு உட்டுட்டுப் போயிருப்பான். படியிலயே எறங்கிரலாம். வெரசா வாங்க. அவ சூடாவே குடிச்சுட்டு எந்திரிச்சுருவா.